சத்தமில்லாத கம்ப்ரஸர்

தெய்வசிகாமணி கேட்டது ஒரே ஒரு கேள்விதான். அதற்குப் பதில் கிடைக்க ஆறு வாரம் ஆனது. கேட்ட அன்றைக்கே ரெஜினா வாயைத் திறந்து சொல்லியிருந்தால் ஒரு நிமிஷத்தில் முடிந்திருக்கும். ஆனால் வாயைத் திறப்பதில் ரெஜினா மகா கஞ்சம்.

கோயமுத்தூரில் கணபதி என்கிற பகுதியில், இரண்டு பட்டறைகளுக்கு நடுவே நெருக்கிக்கொண்டு நிற்கிறது ரெஜினாவின் தகர ஷெட். பைக்கின் பெட்ரோல் டாங்க்கிலும் ஹெல்மெட்டிலும் ஏர்பிரஷ்ஷால் படம் வரைந்து கொடுப்பது அவர் தொழில். பேனா மாதிரி ஒரு குழாய். அதன் தலையில் சின்னக் கிண்ணத்தில் பெயிண்ட், வாலில் கம்ப்ரஸரில் இருந்து காற்று வரும் டியூப். விரலால் அழுத்தினால் பெயிண்ட் புகையாக வந்து படியும். புலி கேட்டால் புலி, மயில் கேட்டால் மயில். ரெஜினாவுக்கு முப்பத்தெட்டு வயது. அவரிடம் கற்றுக்கொள்ள வந்த சிஷ்யருக்கு அறுபத்தாறு.

தெய்வசிகாமணி தொலைபேசி நிலையத்தில் முப்பத்து நான்கு வருஷம் டெக்னீசியனாக இருந்தவர். இப்போது வீட்டில் உட்கார்ந்து குட்டி பஸ் செய்கிறார். ஃபோம் ஷீட்டை வெட்டி ஒட்டி, முழங்கை நீளத்துக்கு டவுன் பஸ். ஜன்னல் கம்பி, பின்பக்க ஏணி, டிரைவர் சீட்டுக்குப் பின்னால் கண்ணாடித் தடுப்பு, எல்லாம் அச்சாக இருக்கும். பெயிண்ட் அடிக்கும்போதுதான் கெட்டது. பிரஷ் போன இடமெல்லாம் கோடு கோடாகத் தெரியும். ஒருநாள் சிக்னலில் ஒரு பையனின் ஹெல்மெட்டில் மீன்கொத்தியைப் பார்த்தார். இறகில் ஒரு கோடு இல்லை. யாரிடம் அடித்தது என்று கேட்டு, நேரே ஷெட்டுக்கு வந்து நின்றுவிட்டார்.

செவ்வாயும் வெள்ளியும் வகுப்பு. வகுப்பு என்றால் ரெஜினா வேலை பார்ப்பார், இவர் ஒரு ஓரத்தில் நின்று அடித்துப் பழகுவார். முதல் மாதம் முழுக்கத் தண்ணீரில் இங்க் கலந்து பழைய பேப்பரில் புள்ளி வைப்பது மட்டும்தான். பெயிண்ட் எப்போது என்று கேட்டார். ரெஜினா இன்னொரு பேப்பரை எடுத்து நீட்டினார்.

ஒருநாள் பெயிண்ட் துப்பித் துப்பி வந்தது. ஏன் என்று கேட்டதற்கு ரெஜினா கம்ப்ரஸர் பக்கம் கூட்டிப்போய், இவர் கையைப் பிடித்து அதன் காற்று டாங்க்கின் அடியில் நீட்டவைத்து, அங்கே இருந்த திருகைத் திறந்தார். உள்ளங்கையில் பழுப்பாகத் தண்ணீர் விழுந்தது.

"காத்தை அடைச்சு வெச்சா தண்ணி சேரும் சார். அப்பப்போ விடணும். இல்லைன்னா உள்ளேயே துருப்பிடிச்சுரும்."

அந்த மாதத்தில் ரெஜினா பேசிய மிக நீளமான பேச்சு அதுதான். அன்றிலிருந்து தெய்வசிகாமணி அவரை வாத்தியாரம்மா என்று கூப்பிட ஆரம்பித்தார். கேலியாகத்தான் ஆரம்பித்தார். பிறகு அதுவே பெயராகிவிட்டது.

மூன்றாவது மாதம் கேள்வி வந்தது.

"வாத்தியாரம்மா, வீட்டுக்கு ஒரு கம்ப்ரஸர் வாங்கணுமுங்க. சத்தமே வராததா எது இருக்குது?"

ரெஜினா கையில் இருந்த ஹெல்மெட்டைக் கீழே வைக்கவில்லை.

"யாருக்குக் கேக்கக் கூடாதுங்க சார்?"

இது என்ன கேள்வி என்று இவருக்கு இருந்தது. அப்பார்ட்மெண்ட்டில் இருக்கிறவனுக்கு யாருக்கு என்று ஒரு கணக்கா? கீழ்வீடு, மேல்வீடு, எதிர்வீடு, பக்கத்து வீடு, அதற்கு மேல் சங்கச் செயலாளர். அவர் காதில் விழுந்தால் மகன் காதில் விழுந்த மாதிரி. ஃபிளாட் மகன் பூபதியின் பெயரில் இருக்கிறது. பூபதி மஸ்கட்டில் இருக்கிறான்.

விஷயத்தை முழுசாகவே சொல்லிவிட்டார். மனைவி வசந்தாமணி போய்ப் பத்து மாதம் ஆகிறது. தனியாக இருக்க வேண்டாம் என்று பூபதி ஆனைகட்டி ரோட்டில் ஒரு முதியோர் இல்லத்தில் இடம் பார்த்துவிட்டான். ஒரு கட்டில், ஒரு மேஜை, ஒரு ஜன்னல், ஃபோட்டோகூட அனுப்பினான். அங்கே மெஷின், பெயிண்ட், எதுவும் வைக்கக் கூடாது. இவர் மாட்டேன் என்றார். அப்பாவும் மகனும் ரொம்ப நாள் மல்லுக்கட்டி, கடைசியில் ஒரு ஒப்பந்தத்துக்கு வந்தார்கள். தீபாவளி வரைக்கும் பார்ப்பது. அதற்குள் அப்பா ஏதாவது ஒரு வேலையில் மனதைப் போட்டு நல்லபடியாக இருந்தால் இங்கேயே இருக்கலாம். ஆனால் ஃபிளாட்டில் இருந்து ஒரே ஒரு கம்ப்ளெயிண்ட் வந்தாலும் மறுபேச்சு இல்லாமல் கிளம்ப வேண்டும்.

"மெஷின் சத்தம் வெளிய போச்சுன்னா என் சோலி முடிஞ்சுதுங்க. பெட்டியைக் கட்ட வேண்டியதுதான்."

ரெஜினா எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டார். பிறகு ஹெல்மெட் பக்கம் திரும்பிவிட்டார்.

தெய்வசிகாமணியும் விடுகிற ஆள் இல்லை. ஒவ்வொரு வகுப்புக்கும் ஒரு புது மெஷினோடு வந்தார், ஃபோனில்தான். ஒன்று கை அடக்கமானது, ஆனால் டாங்க் கிடையாது. அடிக்கிற நேரமெல்லாம் ஓடிக்கொண்டே இருக்கும், காற்றும் விட்டுவிட்டு வரும். இன்னொன்றில் டாங்க் உண்டு. அது நிரம்பியதும் தானாக நின்றுவிடும். ஆனால் நிரம்புகிற வரை சத்தம்தான். எது எத்தனை டெசிபல் என்று ஒரு நோட்டில் எழுதி வைத்திருந்தார். ரெஜினா நோட்டைப் புரட்டிப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார்.

அந்த வாரங்களில் அவர் பேச்செல்லாம் ஃபிளாட்டுக்காரர்களைப் பற்றித்தான். இரண்டாவது மாடியில் நான்கு வீடு. ஒரு மனிதன் இருக்கிறானா செத்தானா என்று எட்டிப்பார்க்க ஒரு நாதி கிடையாது. பண்டிகை வந்தால்கூட ஒரு கதவு தட்டுவதில்லை. சமைத்தால் ஒரு வாசனை வருகிறது, அவ்வளவுதான். பேச்சுச் சத்தம்கூடக் கேட்பதில்லை. மனுஷ ஜென்மமா இதெல்லாம்?

"வசந்தாமணி போன அன்னிக்கு வந்தாங்க. சும்மா சொல்லக் கூடாது, எல்லாருமே வந்தாங்க. அதோட சரி. கதவைச் சாத்தினவங்கதான்."

இதைச் சொல்லிவிட்டு அழுத்திய அழுத்தில் பேப்பரில் புள்ளி குளமாகிவிட்டது. கோபத்தில் என்று அவர் நினைத்துக்கொண்டார்.

நான்காவது வாரம் முகமெல்லாம் வெளிச்சமாக வந்தார். ரத்தினபுரியில் ஒரு மெக்கானிக் ஃபிரிட்ஜ் மோட்டாரைக் கழற்றிக் கம்ப்ரஸர் செய்து கொடுக்கிறானாம். ஓடுகிறதா என்று தொட்டுப் பார்த்தால்தான் தெரியுமாம். இதைவிட வேறென்ன வேண்டும் என்றார்.

"வீட்டை ஒருக்கா பாக்கணும் சார்," என்றார் ரெஜினா. "எங்க வெக்கறீங்கன்னு பாத்துட்டுச் சொல்றேன்."

ஞாயிற்றுக்கிழமை பத்து மணிக்கு வருவதாகப் பேச்சு. பத்தேகாலுக்குத் தற்செயலாக ஃபோனை எடுத்துப் பார்த்தால் ரெஜினாவிடமிருந்து ஐந்து அழைப்பு. ஃபோனில் சத்தம் வைக்கும் பழக்கம் அவருக்கு விட்டுப்போய் ரொம்ப நாளாயிற்று. ஓடிப்போய்க் கதவைத் திறந்தார். ரெஜினா வெளியே நின்றிருந்தார். பெல் பொத்தானை எத்தனை தரம் அழுத்தினாரோ தெரியாது. அந்த பெல்லுக்கு வயரே கிடையாது.

வயரைப் பிடுங்கியது அவரேதான். வசந்தாமணிக்கு நோய் வந்த முதல் வருஷமே பிடுங்கிவிட்டார். அந்த நோய்க்குச் சத்தம் ஆகாது. ஒரு கரண்டி விழுந்தால் போதும், தலையைப் பிடித்துக்கொண்டு சுருண்டுவிடுவாள். அரை நாள் எழுந்திருக்க முடியாது. அதனால் சுவர்க் கடிகாரம் போனது. குக்கர் போனது, சாதம் வடிக்கிற பானை வந்தது. நாற்காலி, மேஜை, கட்டில், எல்லாவற்றின் காலுக்கும் ரப்பர் குல்லாய். டிவியை விற்றுவிட்டார். வாழ்நாள் முழுக்க டெலிபோன் மணிச் சத்தத்தோடு குடித்தனம் நடத்திய மனிதர், இரண்டு வருஷம் பூனை மாதிரி நடந்தார்.

அதெல்லாம் அவருக்கு இப்போது நினைவில் இல்லை. பெல் வேலை செய்யாது என்று சொல்ல மறந்துவிட்டேன் என்று மன்னிப்புக் கேட்டார். அப்போதுதான் பார்த்தார், ரெஜினா செருப்பைக் கழற்றிக் கையில் பிடித்திருந்தார். வாசலில் ஸ்டாண்டு இருக்கிறதே என்று காட்டினார். ரெஜினா ஒரு கணம், மெல்லச் சாத்திக்கொண்டிருந்த எதிர்வீட்டுக் கதவைத் திரும்பிப் பார்த்தார். பிறகு செருப்பை ஸ்டாண்டில் மெதுவாக வைத்துவிட்டு உள்ளே வந்தார்.

ஹாலில் ஜன்னலோரம் பஸ்கள் வரிசையாக நின்றன. ஏழு பஸ். ஒன்றிலும் ஆள் இல்லை. பொம்மை ஆட்கள் கடையில் கிடைக்கும்தான், இவருக்கு வாங்கத் தோன்றவில்லை. கம்ப்ரஸர் வைக்கத் தோதான மூலையை, அதற்குப் பெரிய பிளக் பாயிண்ட் இருப்பதை, எல்லாம் காட்டினார். ரெஜினா நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். நாற்காலி சத்தமே இல்லாமல் நகர்ந்தது. தண்ணீர் கேட்டார், குடித்தார். சும்மா உட்கார்ந்திருந்தார். ஐந்து நிமிஷம் இருக்கும். சமையலறையில் ஃபிரிட்ஜ் உறுமுவதைத் தவிர அந்த வீட்டில் எதுவும் கேட்கவில்லை.

படுக்கையறைக் கதவு திறந்திருந்தது. கட்டிலில் விரிப்பு மடிப்புக் கலையாமல் இருந்தது. இரண்டு தலையணை.

"நீங்க எங்க படுப்பீங்க சார்?"

"இங்க ஹால்லதானுங்க, பாயை விரிச்சு."

இதை அவர் குசுகுசுவென்றுதான் சொன்னார். ரெஜினாவும் வந்ததிலிருந்து குசுகுசுவென்றுதான் பேசிக்கொண்டிருந்தார். அது தெய்வசிகாமணிக்கு வித்தியாசமாகவே படவில்லை.

செவ்வாய்க்கிழமை ஷெட்டுக்குப் போனபோது, ரெஜினா மூலையில் கிடந்த ஒரு பழைய கம்ப்ரஸரைக் காட்டினார். பட்டறைத் தெருவே அதைக் கெட்டவாயன் என்றுதான் சொல்லும். டாங்க் பெருசு, மோட்டார் பழசு. அது ஓட ஆரம்பித்தால் பக்கத்துப் பட்டறையில் ஃபோன் பேசுகிறவர்கள் வெளியே போய்விடுவார்கள்.

"இதை எடுத்துட்டுப் போங்க சார்."

விளையாட்டு என்று நினைத்துச் சிரித்தார். ரெஜினா சிரிக்கவில்லை. இத்தனை வாரமாக நான் என்ன கேட்டேன், நீங்கள் என்ன கொடுக்கிறீர்கள் என்று இவருக்குச் சுள்ளென்று வந்தது. வீட்டை விட்டுப் போக வேண்டி வரும் என்று தெரிந்துமா என்று கேட்டார். குரல் உயரவில்லை, உயர்த்த அவருக்கு வராது.

"சொந்தமா வெச்சுக்கச் சொல்லலை. ஒரே ஒருக்கா ஓட்டிப் பாருங்க. டாங்க் நிரம்பித் தானா நிக்கற வரைக்கும். நடுவுல நிறுத்தக் கூடாது. அதுக்கப்புறம் எதை வாங்கறதுன்னு கேளுங்க, சொல்றேன்."

ஆட்டோவில் ஏற்றிக் கொண்டுவந்தார். மாடிக்குத் தூக்குவதற்கு முன் பழைய போர்வையால் சுற்றினார், மூட்டை மாதிரி இருக்கட்டும் என்று. ஆட்டோக்காரர் ஒரு பக்கம் பிடித்தார். படியில் எங்கேயாவது இடித்துவிடுமோ என்று உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு ஏறினார். வழியில் யாரும் எதிர்ப்படவில்லை. எப்போதுதான் எதிர்ப்பட்டார்கள்?

கெட்டவாயன் ஹால் மூலையில் போர்வைக்குள் உட்கார்ந்திருந்தான். ஒரு நாள் போனது, இரண்டு நாள் போனது. சுவிட்ச் பக்கம் கை போகவில்லை. வெள்ளிக்கிழமை வகுப்புக்கும் போகவில்லை. சனிக்கிழமை பொறுக்க முடியாமல் ரத்தினபுரிக்குப் போய் அந்த ஃபிரிட்ஜ் மோட்டாரைப் பார்த்தார். மெக்கானிக் ஓட்டிக் காட்டினான். உண்மைதான், தொட்டால்தான் தெரிந்தது. உள்ளங்கையில் லேசான ஒரு துடிப்பு. அதை விட்டுக் கையை எடுக்கவே அவருக்கு மனசு வரவில்லை. இதுதான், இதேதான் என்று இருந்தது. எடுத்து வைக்கச் சொல்லி வாய் வரைக்கும் வந்துவிட்டது. ஆனால் வாத்தியார் சொன்ன ஒன்றைச் செய்யாமல் அடுத்ததற்குப் போவது அவர் பழக்கத்தில் கிடையாது. திங்கட்கிழமை வருகிறேன் என்று சொல்லிவிட்டு வந்தார்.

ஞாயிற்றுக்கிழமை மகன் பேசினான். தீபாவளிக்கு வர டிக்கெட் போட்டாயிற்று. இல்லத்தில் இருந்து ஒரு படிவம் கொரியரில் வரும், எதற்கும் கையெழுத்துப் போட்டு வைத்திருங்கள், கட்டாயம் இல்லை, இடம் கைவிட்டுப் போய்விடக் கூடாது என்பதற்காக மட்டும் என்றான். நன்றாக இருக்கிறேன் என்று இவர் சொன்னார். ஏன் இவ்வளவு மெதுவாகப் பேசுகிறீர்கள் என்று அவன் கேட்டான். சாதாரணமாகத்தான் பேசுகிறேன் என்றார்.

திங்கட்கிழமை படிவம் வந்துவிட்டது. மேஜைமேல் வைத்துவிட்டு அதைப் பார்த்தபடியே நின்றார். பதினொரு மணி. ஒரே தடவை, இரண்டு மூன்று நிமிஷம். அந்த நேரத்தில் யார் வீட்டில் இருக்கப்போகிறார்கள்? முடித்துவிட்டு மத்தியானமே ரத்தினபுரிக்குப் போய்விடலாம். போர்வையை எடுத்தார். பிளக்கை மாட்டினார். கண்ணை இறுக்க மூடிக்கொண்டு சுவிட்சைத் தட்டினார்.

வீடே அதிர்ந்தது. ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது, ஏழு பஸ்ஸும் நின்ற இடத்தில் குதித்தன. மூன்று வருஷமாக ஒரு கரண்டிச் சத்தம் அறியாத வீடு அது.

தெய்வசிகாமணி ஓடினார். சுவிட்ச் பக்கம் இல்லை. படுக்கையறைக் கதவைச் சாத்த ஓடினார். கதவைப் பிடித்து இழுக்கும்போது வாய் தானாக, "இதோ நிறுத்தறேன் வசந்தா, இதோ ஒரு நிமிஷம்," என்று சொல்லிக்கொண்டிருந்தது.

பாதி சாத்திய கதவு வழியாகக் கட்டில் தெரிந்தது. மடிப்புக் கலையாத விரிப்பு. இரண்டு தலையணை.

அவர் கதவை விட்டுவிட்டார்.

உள்ளே யாரும் இல்லை. பதினோரு மாதமாக யாரும் இல்லை. இத்தனை சத்தத்தில் முனகல் கேட்கவில்லை, தலையைப் பிடித்துக்கொண்டு யாரும் சுருளவில்லை. வசந்தாமணி இருந்திருந்தால் இந்நேரம் துடித்துப் போயிருப்பாள். அவள் செத்துப்போய்விட்டாள் என்பது அவருக்கு ஆஸ்பத்திரியில் தெரியும், மின்மயானத்தில் தெரியும். இந்த வீட்டுக்குள் இப்போதுதான் தெரிந்தது.

கட்டில் காலைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்தார். அழுகை வந்தது. அவள் போன அன்றைக்குக்கூட வாயில் துண்டை வைத்துக்கொண்டு அழுதவர் அவர். இப்போது வாய்விட்டு அழுதார். மெஷின் சத்தத்தில் தன் குரல் தனக்கே கேட்கவில்லை. அது ஒரு வசதியாக இருந்தது. இன்னும் சத்தமாக அழுதார். அவள் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டு அழுதார்.

டாங்க் நிரம்பியது. கம்ப்ரஸர் ஒரு பெருமூச்சு விட்டுப் பட்டென்று நின்றது.

அவர் நிற்கவில்லை. அவருடைய அழுகை மட்டும் தனியாக அந்த வீட்டில் கேட்டது. அதைக் கேட்ட பிறகுதான் வாயைப் பொத்திக்கொண்டார்.

கதவு தட்டும் சத்தம்.

போச்சு என்று நினைத்தார். மூச்சை அடக்கிக்கொண்டு அசையாமல் இருந்தார். இரண்டாவது தரம் தட்டினார்கள், விரல் நுனியால் தட்டுகிற மாதிரி மெதுவாக. இனிமேல் ஒளிந்து என்ன? முகத்தைத் துடைத்துக்கொண்டு போய்த் திறந்தார்.

எதிர்வீட்டுச் சுகந்தி நின்றிருந்தாள். அவளுக்குப் பின்னால் பக்கத்து வீட்டு அலெக்ஸாண்டர், மேல்வீட்டு ஜமீலாம்மா. மூன்று பேர் கண்ணும் இவர் முகத்தில்.

"இன்னிக்கே திருப்பிக் குடுத்தர்றேனுங்க," என்று ஆரம்பித்தார். "ஒரே தடவைதான். செயலாளர் வரைக்கும் கொண்டுபோகாதீங்க. உங்க காலைப் பிடிச்சுக் கேட்டுக்கறேன்."

சுகந்தி அதைக் காதில் வாங்கியதாகவே தெரியவில்லை. குரலைத் தணித்துக்கொண்டு கேட்டாள்.

"அண்ணா, இனிமே சத்தம் போடலாமுங்களா?"

அவருக்குப் புரியவில்லை. அவள் மறுபடி சொன்னாள்.

"நீங்க சொல்லாம எப்படிங்கண்ணா?"

அப்போதும் புரியாமல் நின்றார். அலெக்ஸாண்டர்தான் எடுத்துச் சொன்னார். வசந்தாமணிக்கு நோய் வந்த புதிதில் தெய்வசிகாமணி வீடு வீடாகப் போய்க் கையெடுத்துக் கும்பிட்டிருக்கிறார். என் வீட்டம்மாவுக்குச் சத்தம் ஆகாது, தயவுசெய்து பெல் அடிக்காதீர்கள், கதவைத் தட்டாதீர்கள், வராந்தாவில் பேசாதீர்கள், சரியானதும் நானே வந்து சொல்கிறேன் என்று. எல்லோரும் சரி என்றார்கள். அவர் வந்து சொல்லவே இல்லை. சரியாகவும் இல்லை. அந்த அம்மா போன பிறகு இனிமேல் எப்படி என்று அவரிடம் போய்க் கேட்க ஒருவருக்கும் வாய் வரவில்லை. அவரும் முன்னைக்கு மேல் சத்தமில்லாமல் இருந்தார். துக்கம் ஆறும் வரை இப்படியே இருக்கட்டும் என்று நினைக்கிறார் போல என்று அவர்களாகவே முடிவு செய்துகொண்டார்கள்.

அதனால் மூன்று வருஷமாக அலெக்ஸாண்டர் வீட்டில் தேங்காய் உடைப்பது கீழே வண்டி நிறுத்துகிற இடத்தில். சுகந்தியின் மகள் வயலின் பழகுவது அவள் சிநேகிதி வீட்டில். ஜமீலாம்மா அம்மியையே தூக்கிக் கொடுத்துவிட்டார். பெருநாளைக்குப் பிரியாணி செய்தால் இவருக்கு ஒரு டப்பா எடுத்து வைத்து, கதவு வரைக்கும் வந்து, தட்டக் கூடாதே என்று திரும்பிப் போயிருக்கிறார். ஒரு தடவை இல்லை, நாலு தடவை.

"அழுற சத்தம் கேட்டுதுங்க," என்றார் ஜமீலாம்மா. "அதுக்கு மேல எங்களால நிக்க முடியலை."

தெய்வசிகாமணி தலையைக் குனிந்தார். அப்போதுதான் கண்ணில் பட்டது. மூன்று பேரும் வெறுங்காலோடு நின்றிருந்தார்கள். மூன்று பேர் கையிலும் செருப்பு.

"இது எதுக்குங்க?"

"பழக்கமுங்கண்ணா. வாசலைத் தாண்டினா கையில எடுத்துக்குவோம், படி ஏறினதும் கழட்டிருவோம். செருப்புச் சத்தம் உள்ள கேக்குமில்லீங்களா."

மூன்று வருஷம். தினமும். வேலைக்குப் போகும்போது, வரும்போது, பால் வாங்கப் போகும்போது. இந்தக் கதவைத் தாண்டுகிற ஒவ்வொரு தரமும். உள்ளே உட்கார்ந்துகொண்டு அவர்களை மனுஷ ஜென்மமா என்று கேட்டவர் அவர்தான்.

"கீழ போடுங்க," என்றார். "கீழ போட்டு மாட்டிக்குங்க."

சுகந்தி முதலில் போட்டாள். பட்டென்று ஒரு சத்தம். பிறகு மற்ற இரண்டு பேரும்.

அன்று சாயங்காலம் அவரே மகனைக் கூப்பிட்டார்.

"கம்ப்ளெயிண்ட் வந்துருச்சு பூபதி."

என்ன கம்ப்ளெயிண்ட் என்று கேட்டான்.

"சத்தம் பத்தலையாம்."

நடந்ததைச் சொன்னார். சொல்லச் சொல்ல இரண்டு தரம் குரல் உடைந்தது, இரண்டு தரம் சிரித்தார். கடைசியில், அப்பா, உங்க குரலை இவ்வளவு சத்தமாக் கேட்டு எத்தனை நாளாச்சு என்றான். அவன் குரலும் சரியாக இல்லை. படிவத்தை என்ன செய்யட்டும் என்று இவர் கேட்டார். அது மேல புள்ளி வெச்சுப் பழகுங்கப்பா என்றான்.

செவ்வாய்க்கிழமை கெட்டவாயனை ஆட்டோவில் ஏற்றினார். இந்தத் தடவை போர்வை இல்லை. ஷெட்டில் ரெஜினா ஒரு பெட்ரோல் டாங்க்கைத் தேய்த்துக்கொண்டிருந்தார். கம்ப்ரஸரை அதன் பழைய மூலையில் வைத்துவிட்டுத் தெய்வசிகாமணி பக்கத்தில் நின்றார். ரெஜினா என்ன ஆயிற்று என்று கேட்கவில்லை.

"ஓட்டிட்டேனுங்க. தானா நிக்கற வரைக்கும்."

ரெஜினா தலையை ஆட்டினார்.

"அன்னிக்கு நீங்க கேட்டீங்களே வாத்தியாரம்மா, யாருக்குக் கேக்கக் கூடாதுன்னு. நான் ஊர்ல இருக்கறவங்க பேரையெல்லாம் சொன்னேன்."

பக்கத்துப் பட்டறையில் யாரோ இரும்பை அடித்துக்கொண்டிருந்தார்கள்.

"வசந்தாமணிக்கு," என்றார்.

ரெஜினா எழுந்து வந்து கெட்டவாயனுக்குப் பக்கத்தில் குந்தி உட்கார்ந்தார். அடியில் இருந்த திருகைத் திறந்தார். பழுப்பாகத் தண்ணீர் வடிந்தது. அது முழுக்க நிற்கும் வரை பொறுத்திருந்து திருகை மூடினார்.

"இனி எதை வாங்கினாலும் சரிதாங்க சார்."